கடைக் கம்ப்யூட்டர்: கை பழகியது எது, கணக்குக்கு உகந்தது எது?

விண்டோஸ் 10 என்னும் இயக்க முறைமைக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் வழங்கி வந்த வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. அன்று தொட்டு வணிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இந்தப் பேச்சு வருகிறது. பழைய கம்ப்யூட்டரை மாற்றுவதா, லினக்ஸ் போட்டுக் கொள்வதா, நடக்கிற வரை நடக்கட்டும் என்று விட்டு விடுவதா?

இதோடு சேர்ந்து இன்னொரு வழக்கும் கடைக்குள்ளேயே நடக்கிறது. கணக்குப்பிள்ளை டைப்ரைட்டர் முறையில்தான் தமிழ் அடிப்பேன் என்கிறார். மகன் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழை எடுக்கிறான். கல்லாவில் இருக்கும் பையனுக்கோ இரண்டும் வேண்டாம். எண் விசைகள் மட்டும் சரியாக இருந்தால் போதும். இவர்களில் யார் சொல்வது சரி?

எல்லோர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதே நம் கருத்து. கீபோர்டு கையின் பழக்கத்தைப் பொறுத்தது. இயக்க முறைமை கடையின் வேலையைப் பொறுத்தது. இவற்றில் அவரவர் விருப்பத்துக்கு இடம் கொடுக்கலாம். ஆனால் விருப்பத்துக்கு விடக் கூடாத ஒன்றும் இருக்கிறது. அது நமது கணக்கு. எந்தக் கீபோர்டில் அடித்தாலும், எந்த இயக்க முறைமையில் வைத்தாலும், ஆறு வருடம் கழித்து வேறொரு கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கு திறக்க வேண்டும். இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

கை பழக்கம் என்பது சாதாரணமல்ல

ஆங்கில எழுத்துகள் கீபோர்டில் அகர வரிசையில் இல்லாமல் ஏன் கலைந்து கிடக்கின்றன என்று கேட்காத ஆள் இல்லை. அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் உருவாக்கிய தட்டச்சுப் பொறியை ரெமிங்டன் கம்பெனி 1874-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதில் அமைந்த வரிசைதான் இன்று வரை நம் மேஜையில் இருக்கிறது. 1936-இல் துவோராக் என்பவர் இதைவிட எளிதானது என்று சொல்லி வேறொரு வரிசைக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் பழகிய கைகள் மாறவில்லை. அது பரவாமலே போயிற்று. ஆகவே கணக்குப்பிள்ளை தம் முறையை விட மறுப்பதை வெறும் பிடிவாதம் என்று தள்ளி விட முடியாது. கை மாறினால் சில வாரங்களுக்கு வேலை சுணங்கும், பிழை பெருகும். தீபாவளி, பொங்கல் வியாபாரத்துக்கு முந்தின மாதம் இந்தப் பரீட்சையை வைத்துக் கொள்ளக் கூடாது.

மளிகைக் கடைக்கு முதல் தேவை எண் விசைகள்

நம் வேலையில் எழுத்தை விட எண் அதிகம். ஆகவே மடிக்கணினியை மட்டும் வாங்கி வைத்துக் கொண்டு மேல் வரிசை எண்களைத் தேடித் தேடி அடிப்பது வீண் சிரமம். வலப்பக்கம் தனி எண் கட்டம் உள்ள கீபோர்டை அதனோடு இணைத்துக் கொள்வது நல்லது.

இதில் பலரும் கவனியாத ஒரு விஷயம் உண்டு. கீபோர்டின் எண் கட்டத்திலும் கால்குலேட்டரிலும் 7, 8, 9 மேலே இருக்கும். 1, 2, 3 கீழே இருக்கும். செல்போனிலும், ஏ.டி.எம். எந்திரத்திலும், கார்டு தேய்க்கும் கருவியிலும் 1, 2, 3 மேலே இருக்கும். பொத்தான் தொலைபேசி 1960-களில் வந்த போது ஆராய்ந்து வைத்த வரிசை அது. செல்போனில் வளர்ந்த பையன் பில் போட உட்கார்ந்தால் விரல் தானாக மேல் வரிசையில் 1-ஐத் தேடும். 132 என்று அடிக்க நினைத்தது 798 ஆகி விடும். 4, 5, 6, 0 ஆகியவை மாறாததால் எல்லாப் பில்லிலும் தவறு வராது. அதனாலேயே அது கண்ணுக்குத் தப்பும். புதிதாக வந்தவருக்கு முதல் வாரம் விலை அடிக்கும் வேலையைத் தராமல், 5-ஆம் விசையில் உள்ள சிறு மேட்டைத் தடவி மற்ற எண்களைக் கண்டுபிடிக்கப் பழக்கினால் போதும்.

கீபோர்டின் வகையிலும் விருப்பம் உண்டு. ரப்பர் சவ்வின் மேல் அழுந்தும் மலிவான வகை ஒன்று. ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்பிரிங் சுவிட்ச் உள்ள வகை மற்றொன்று. ‘டக் டக்’ என்று சத்தம் போடும் டி.வி.எஸ். கோல்டு கீபோர்டைப் பல பில்லிங் கவுண்டர்களில் பார்த்திருப்பீர்கள். அது இரண்டாவது வகை. விசை பதிந்ததா என்று விரலுக்கும் காதுக்கும் தெரிவதால் நாள் முழுதும் அடிப்பவர்கள் அதை விரும்புகிறார்கள். விலை கூடுதல், சத்தமும் கூடுதல். மாவு, மிளகாய்த் தூள், பருப்புத் தூசி பறக்கும் இடத்தில் எந்த வகையானாலும் மேலே ஒரு ரப்பர் உறை போட்டு, இரவில் துணியால் மூடி வைக்க வேண்டும். தூசி அதிகமுள்ள கடைக்கு, கெட்டால் மாற்றி விடக் கூடிய மலிவான கீபோர்டே லாபம் என்று நினைப்பவரும் உண்டு. அதுவும் சரியான கணக்குதான்.

தமிழுக்கு மூன்று வழிகள்

தமிழில் பெயரும் பில்லும் அடிக்க நம்மிடையே மூன்று முறைகள் புழங்குகின்றன.

முதலாவது பழைய டைப்ரைட்டர் முறை. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசை வரிசை அமைத்த முன்னோடி. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து இளநிலை, முதுநிலைத் தேர்வு எழுதியவர்கள் நம் ஊர்களில் ஏராளம். அவர்களுக்கு இதுதான் கையோடு வரும். இதில் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிக்க வேண்டும். ‘கொ’ வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால்.

இரண்டாவது தமிழ் 99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழக அரசு அறிவித்த முறை இது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும், பெரும்பாலான மெய்கள் வலக்கைக்கும் வருமாறு பிரித்திருக்கிறார்கள். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முன்னதற்குப் புள்ளி தானாக விழும். ந-வை அடுத்து த, ம-வை அடுத்து ப என்று இன எழுத்து வந்தாலும் அப்படியே. ‘பருப்பு’ என்பதற்கு ப, ர, உ, ப, ப, உ என்று ஆறே தட்டு. ‘உளுந்து’ என்பதற்கும் ஆறு. ‘கொத்தமல்லி’க்கு எட்டு.

மூன்றாவது ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கும் முறை. கற்றுக் கொள்ள நேரமே வேண்டாம் என்பது இதன் பெரிய பலம். ‘த’வுக்கு இரண்டு ஆங்கில எழுத்து கேட்கும் அமைப்பில் கொத்தமல்லிக்குப் பன்னிரண்டு தட்டு ஆகும். தட்டு கூடுவதை விட வேறொரு சங்கடம் பெரிது. ஆங்கிலத்தில் ல, ள, ழ-வுக்குத் தனித்தனி எழுத்து இல்லை. ஷிப்ட் விசையை அழுத்த மறந்தால் ‘புளி அரை கிலோ’ என்பது ‘புலி அரை கிலோ’ ஆகி விடும். ‘வெல்லம்’ அடிக்கப் போய் விரல் தவறினால் ‘வெள்ளம்’ வரும். வாடிக்கையாளர் சிரித்து விட்டுப் போவார். ஆனால் சரக்குப் பட்டியலில் புளி என்றொரு பெயரும் புலி என்றொரு பெயரும் பதிந்து விட்டால் இருப்பு இரண்டாகப் பிரியும். ஒன்றில் கையிருப்பு மிதமிஞ்சியும் மற்றதில் கழிவிலும் காட்டும்.

எது சிறந்தது? புதிதாகக் கற்பவர், தினமும் நிறைய அடிப்பவர் தமிழ் 99 பழகுவது நல்லது. டைப்ரைட்டர் கை உள்ளவரை மாற்றத் தேவையில்லை. எப்போதாவது ஒரு கடிதம் அடிப்பவருக்கு ஒலிமுறை போதும். ஒரே கம்ப்யூட்டரில் மூன்றையும் வைத்துக் கொள்ள முடியும், எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் அதற்காகவே வந்தவை. விண்டோஸ் 10-இன் பிற்காலப் பதிப்புகளிலும் விண்டோஸ் 11-இலும் தமிழ் 99 உள்ளேயே இருக்கிறது. லினக்சிலும் சேர்த்துக் கொள்ளலாம். ஆள் மாறும் போது முறையை மாற்றிக் கொண்டால் ஆயிற்று.

ஒரே ஒரு நிபந்தனை. எந்த முறையில் அடித்தாலும் எழுத்து யூனிகோடாக இருக்க வேண்டும். பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்து ஒப்பேற்றியவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வாடிக்கையாளர் பெயரெல்லாம் புரியாத குறிகளாக நிற்கும். யூனிகோடில் 1991-லேயே தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டது. தமிழக அரசும் 2010-இல் அதை ஏற்றது. உங்கள் பழைய பட்டியல் வேறு எழுத்துருவில் இருந்தால், அந்தக் கம்ப்யூட்டர் ஓடிக் கொண்டிருக்கும் போதே மாற்றி வைத்துக் கொள்ளுங்கள். மாற்றித் தரும் இலவச மென்பொருள்கள் உள்ளன.

எல்லாப் பொருளுக்கும் ஆங்கிலத்திலோ எண்ணிலோ ஒரு சுருக்கக் குறியீடு வைத்து விடுவது இன்னொரு நல்ல வழி. கவுண்டரில் குறியீட்டை மட்டும் அடித்தால் போதும். பில்லில் தமிழ்ப் பெயர் தானே வரும். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் உள்ள கடைகளுக்கு இது மிகவும் உதவும். ஷிப்ட் முடிந்து கூட்டம் ஒரே நேரத்தில் வரும். வருகிறவர்களில் பீகார், ஒடிசாத் தொழிலாளர்கள் ஆட்டாவும் கடுகு எண்ணெயும் கேட்பார்கள். ஆரம்பாக்கம் பக்கத்துக்காரர்கள் தெலுங்கில் கேட்பார்கள். யார் எந்த மொழியில் கேட்டாலும் குறியீடு ஒன்றே.

தமிழ் பில்லைப் பற்றி ஒரு குறிப்பு. சிறிய தெர்மல் பிரிண்டர்களில் ஆங்கில எழுத்து உள்ளேயே இருக்கும். தமிழ் பெரும்பாலும் இருக்காது. மென்பொருள் தமிழைப் படமாக வரைந்து அனுப்பும். அதனால் சற்று மெதுவாக வரும். வாங்குவதற்கு முன் உங்கள் மென்பொருளிலிருந்து இருபது வரித் தமிழ் பில் ஒன்றை அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இயக்க முறைமை: டாஸ் முதல் லினக்ஸ் வரை

1990-களில் கம்ப்யூட்டர் வைத்த மொத்த வியாபாரிகள் டாஸ் திரையில் பில் போட்டவர்கள். மவுஸ் கிடையாது, எல்லாம் விசைதான். அந்த வேகத்துக்குப் பழகியவர்கள் இன்றும் அதை விட மனமில்லாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கையில் சரக்கும் ஒரு கையில் விசையுமாக நிற்பவருக்கு மவுஸ் ஒரு தடை. டாலி மென்பொருள் நம்மவர்களிடையே வேர் பிடித்ததற்கும் இது ஒரு காரணம் எனலாம். பெங்களூரில் வணிகம் செய்த எஸ்.எஸ். கோயங்கா தம் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல், தம் மகன் பரத் கோயங்காவைக் கொண்டு எழுத வைத்தது அது. நிறுவனம் 1986-இல் தொடங்கியது. எப்-5 பணம் கொடுத்தது, எப்-6 வாங்கியது, எப்-8 விற்பனை, எப்-9 கொள்முதல் என்று விசையிலேயே வேலை முடியும்.

பழைய டாஸ் பில்லிங் மென்பொருளை இன்னும் ஓட்டுகிறவர்கள் ஒன்றை அறிய வேண்டும். அந்த 16-பிட் மென்பொருள்கள் 64-பிட் விண்டோசில் நேரடியாக ஓடா. விண்டோஸ் 11 என்பது 64-பிட்டில் மட்டுமே வருகிறது. டாஸ்பாக்ஸ் போன்ற இடைமென்பொருள் வழியாக ஓட்டலாம் என்றாலும் பிரிண்டர் தகராறு செய்யும். அந்தப் பழைய கம்ப்யூட்டர் நின்று போகும் நாளில் கணக்கும் நின்று போகும்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களின் நிலை வேறு. புதுப்பிப்பு நின்றதால் கம்ப்யூட்டர் நின்று விடாது, நாளைக்கும் ஓடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை என்பதே ஆபத்து. 2017 மே மாதம் வான்னாக்ரை என்னும் வைரஸ் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டது நினைவிருக்கும். அந்த ஓட்டைக்கான ஒட்டு அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியாகி விட்டது. அதைப் போட்டுக் கொள்ளாத கம்ப்யூட்டர்களே மாட்டிக் கொண்டன. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திட்டம் ஒன்றையும் மைக்ரோசாப்ட் அறிவித்தது. அது தவணைதானே தவிரத் தீர்வல்ல.

விண்டோஸ் 11-க்கு மாறுவதில் ஒரு சிக்கல், பழைய கம்ப்யூட்டர்கள் அதற்குத் தகுதி பெறா. இன்டெல் ஆனால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைச் சிப்பும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் வேண்டும். இல்லையெனில் புதிது வாங்க வேண்டும்.

லினக்ஸ் இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் இலகுவாக ஓடும் வகைகள் உண்டு, வைரஸ் தொல்லை குறைவு. நமக்கு அது அந்நியமும் அல்ல. பாஸ் லினக்ஸ் என்பதைச் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்டது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோசோடு அதுவும் சேர்ந்தே வந்தது. நம் வீடுகளில் பரணில் கிடக்கும் அந்த மடிக்கணினியே இதற்குச் சாட்சி.

ஆயினும் கடைக்கு லினக்ஸ் போடும் முன் மூன்றைச் சோதிக்க வேண்டும். டாலி விண்டோசுக்காகவே எழுதப்பட்டது. லினக்சில் நேரடியாக ஓடாது. ஜி.எஸ்.டி. தளமும் இ-வே பில் தளமும் உலாவியில் திறப்பதால் எதிலும் வேலை செய்யும். ஆனால் கம்ப்யூட்டரில் இறக்கிப் பயன்படுத்தும் ஜி.எஸ்.டி. கருவி விண்டோசுக்கு உரியது. பில் பிரிண்டர், பார்கோடு லேபிள் பிரிண்டர் ஆகியவற்றுக்கு லினக்சுக்கான இயக்கி கிடைக்கிறதா என்பது மூன்றாவது. இவற்றோடு நம் ஊர் நிலவரமும் உண்டு. பக்கத்து ஊரில் மெக்கானிக் இல்லாத லாரியை யாரும் வாங்க மாட்டோம். பொன்னேரியிலோ திருவள்ளூரிலோ கூப்பிட்ட மறுநாள் வந்து பார்க்க லினக்ஸ் தெரிந்தவர் உங்களுக்குக் கிடைப்பாரா என்று பாருங்கள்.

ஆகவே டாலியில் முழுக் கணக்கு வைத்திருக்கும் செங்குன்றம் அரிசி மண்டிக்கு விண்டோஸ் 11 பொருத்தம். உலாவியில் ஓடும் பில்லிங் மென்பொருள் வைத்திருக்கும் சிறு கடைக்கு லினக்ஸ் நன்றாகவே போதும். இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால் கணக்குக்கு ஒன்று விண்டோசிலும், கடிதம், விலைப்பட்டியல், இணையம் ஆகியவற்றுக்குப் பழையது லினக்சிலுமாக வைப்பது சிக்கனமான ஏற்பாடு. உரிமம் இல்லாத விண்டோசை யாரோ போட்டுக் கொடுத்தார் என்று ஓட்டுவது மட்டும் வேண்டாம். அதோடு என்னென்ன ஒட்டிக் கொண்டு வந்தது என்று யாருக்கும் தெரியாது.

கணக்குக்குச் சொந்தக்காரர் யார்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஓர் ஆண்டின் கணக்கையும் ஆவணங்களையும் அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். மேல்முறையீடு, விசாரணை என்று வந்தால் அதற்கு மேலும் நீளும். நாம் வாங்கும் கம்ப்யூட்டர் அத்தனை காலம் உழைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. மென்பொருள் விற்றவர் கடையை மூடி விட்டுப் போகலாம். மாதச் சந்தா கட்டும் மென்பொருளில் சந்தா நின்றால் கதவு சாத்தப்படலாம். அதிகாரி கேட்கும் போது ‘கம்ப்யூட்டர் கெட்டு விட்டது’ என்ற பதில் செல்லாது.

பேரேடும் சிட்டையும் இருந்த காலத்தில் இந்தக் கவலை இல்லை. புத்தகம் நம் பெட்டியில் இருந்தது, திறந்தால் படிக்கலாம். கம்ப்யூட்டரிலும் அதே நிலையை நாம்தான் உண்டாக்கிக் கொள்ள வேண்டும். அதற்கான வழிகள் இவை:

1. எந்த மென்பொருளையும் வாங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘நான் உங்களை விட்டுப் போனால் என் பற்று வரவு, சரக்கு இருப்பு, விற்பனை முழுவதையும் எக்செல் கோப்பாக எடுத்துக் கொண்டு போக முடியுமா?’ முடியும் என்றால் அங்கேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.

2. மாதம் முடிந்ததும் விற்பனை, கொள்முதல், பற்று வரவுப் பட்டியல்களைப் பி.டி.எப். ஆகவும் எக்செல் ஆகவும் எடுத்து வையுங்கள். இந்த இரண்டும் விண்டோசிலும் லினக்சிலும் செல்போனிலும் திறக்கும்.

3. மூன்று பிரதி வைத்துக் கொள்ளுங்கள். கடைக் கம்ப்யூட்டரில் ஒன்று, தனி டிஸ்க்கில் எடுத்து வீட்டில் ஒன்று, ஆடிட்டரிடமோ இணையச் சேமிப்பிலோ ஒன்று. தனி டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்கக் கூடாது. வைரஸ் வந்தால் அதுவும் பூட்டப்படும்.

4. வருடத்துக்கு ஒரு முறை, அந்தப் பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி பிரதியே அல்ல.

5. கடவுச் சொற்களும் உரிம எண்களும் முதலாளியிடம் ஒரு நோட்டில் இருக்கட்டும். கணக்குப்பிள்ளை வேலையை விட்டால் அவரைத் தேடி ஓடும்படி இருக்கக் கூடாது.

6. புதிய மென்பொருளுக்கோ இயக்க முறைமைக்கோ மாறுவதானால் ஏப்ரல் முதல் தேதியில் மாறுங்கள். ஆண்டுக் கணக்கு முடிந்து புது எண் தொடங்கும் நாள் அது. பழைய கம்ப்யூட்டரை உடனே விற்று விடாமல் சில மாதமாவது பக்கத்தில் வைத்திருங்கள்.

கீபோர்டைப் பற்றிக் கணக்குப்பிள்ளையும் மகனும் வாதாடட்டும். அவரவர் கைக்குப் பிடித்ததை அவரவருக்குக் கொடுத்து விடலாம், அதற்கு ஆகும் செலவு சிறியது. விண்டோசா லினக்சா என்பதையும் மேலே சொன்ன மூன்று சோதனைகள் முடிவு செய்து தரும். இந்த மாதக் கணக்கு முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, சென்ற வருட விற்பனைப் பட்டியலை வேறொரு கம்ப்யூட்டரில் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். திறந்தால் நிம்மதி. திறக்காவிட்டால், பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும் போதே கணக்கை வெளியே எடுத்து விடுங்கள்.